எதை விடுவது?

1

மூன்று மாதங்களாக ஒரு பொருளை வாங்க முடியாமல் இருந்துகொண்டிருக்கிறேன். பணம் காரணமல்ல. சம்பள ஒப்பந்தத்தின் நிலுவைத் தொகை வந்தபோதே அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தாயிற்று. பொருளும் அப்படியொன்றும் பெரிதில்லை. சட்டைப் பையில் அடங்கிவிடுகிற, பாட்டுக் கேட்பதற்கு மட்டுமேயான ஒரு கருவி. டிஜிட்டல் மியூசிக் பிளேயர் என்கிறார்கள். கைபேசி வந்தபிறகும் இது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பின்னால் பதில் சொல்கிறேன். முதலில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய வங்கி டைரி ஒன்றில் கோடு போட்டு நான்கு பத்திகள் பிரித்து வைத்திருக்கிறேன். முதல் பத்தியில், வாக்மேன் என்ற பெயரிலேயே சோனி விற்றுவரும் இன்றைய கருவி. இரண்டாவதில், ஃபியோ என்ற சீன நிறுவனத்தினுடையது. மூன்றாவதில், ஆப்பிள் 2014இல் நிறுத்திவிட்ட ஐபாட் கிளாசிக். அதற்குள் சுழலும் தட்டை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்திப் புதுப்பித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்காவதில், பழைய ஹெச்.எம்.வி. நிறுவனம் சரிகம என்று பெயர் மாறியபின் 2017இல் கொண்டுவந்த கார்வான். குறுக்கே கொள்ளளவு, ஒலியின் தரம், பாட்டரி, எடை, விலை. ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேறொன்று ஜெயிக்கிறது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெகுஜனப் பத்திரிகைகள் 'சிறந்த பத்து' என்று பட்டியல் போடும்போதெல்லாம் கண்டித்து எழுதியவன் நான். படைப்புக்கு மதிப்பெண் போடுகிறவன் அதைப் படிப்பதிலிருந்து தப்பித்துக்கொள்கிறான் என்பது என் கட்சி. ஆனால் இந்த மூன்று மாதங்களில் நான் உட்கார்ந்து ஒரு ராக ஆலாபனையை முழுதாகக் கேட்கவில்லை. கேட்பதற்கான கருவியைத் தேர்ந்துகொண்டிருந்ததால் கேட்கவில்லை. ஒப்பீடு, நான் பிறரைப் பற்றிச் சொன்னது போலவே, என்னையும் அனுபவத்திலிருந்து காப்பாற்றிவிட்டது.

இரண்டு சமமான வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் நின்று எதைத் தின்பதென்று தெரியாமல் பட்டினியால் செத்த கழுதையின் கதையைத் தத்துவம் படித்தவர்கள் அறிவார்கள். 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி பூரிதானின் பெயரை அந்தக் கழுதைக்கு வைத்திருக்கிறார்கள். அவருடைய நூல்களில் அந்தக் கழுதை இல்லை என்பது வேறு விஷயம். இதற்கு ஹெர்பர்ட் சைமன் 1956இல் ஒரு நடைமுறை வழி சொன்னார். மிகச் சிறந்ததைத் தேடாதே, போதுமானது எது என்று ஒரு கோடு கிழித்துக்கொள், அதைத் தாண்டிய முதல் பொருளை எடுத்துக்கொள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புரியாத வழியல்ல. ஆனால் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் எனக்குத் தடங்கல். போதுமானது என்றால் எதற்குப் போதுமானது?

கீர்க்ககார்ட் தன் 'இதுவா அதுவா' நூலில் (1843) சொல்கிற விஷயம் இன்னும் கடுமையானது. கப்பலின் தலைவன் எந்தப் பக்கம் திருப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதும் கப்பல் நிற்பதில்லை, போய்க்கொண்டேயிருக்கிறது. யோசனை நீண்டால் தேர்வதற்கு எதுவுமில்லாத ஒரு நேரம் வந்துவிடும். அவனுக்காக வேறு எதுவோ தேர்ந்துவிட்டிருக்கும். என் டைரியின் நான்கு பத்திகளைப் பார்க்கும்போது, எனக்காக ஏற்கெனவே ஏதோ தேர்ந்தாகிவிட்டது, அதை மறைக்கத்தான் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்ற ஆரம்பித்தது. அது எது என்று தேடியதன் விளைவு இந்தக் கட்டுரை.

2

கொள்ளளவு என்ற முதல் கட்டத்திலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1979 ஜூலையில் ஜப்பானில் சோனியின் முதல் வாக்மேன் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பியவன் ஒரு காசெட்டையோ இரண்டையோ தேர்ந்தாக வேண்டும். பேருந்தில் ஏறியபின் வேறொன்று கேட்கத் தோன்றினால் அது வீட்டில் இருக்கும். 1998இல் வந்த ரியோ என்ற சிறு கருவியில் 32 மெகாபைட் இடம். சாதாரணத் தரத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பாட்டு. அந்த அரை மணி நேரத்துக்கே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் பயந்துபோய் வழக்குத் தொடுத்து 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 2001 அக்டோபரில் ஐபாட் அறிமுகமானபோது 5 ஜிகாபைட், ஆயிரம் பாட்டுகள். அதே ஐபாட் நிற்பதற்கு முன் 160 ஜிகாபைட்டுக்கும் 40,000 பாட்டுகளுக்கும் போயிருந்தது. இன்று நகத்தளவு கார்டு ஒன்று ஒரு டெராபைட் கொள்கிறது.

வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர இசைக்கு ஏறக்குறைய 58 மெகாபைட் வேண்டும். டெராபைட்டில் 17,000 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்டால் 47 ஆண்டுகள். எனக்கு இப்போது 38 வயது. கார்டின் கடைசிப் பாட்டைக் கேட்கும்போது 85.

அதாவது இனிமேல் எதையும் விட வேண்டியதில்லை. இதைத்தான் விளம்பரங்கள் சுதந்திரம் என்கின்றன. எனக்கு இது சுதந்திரமாகப் படவில்லை. தேர்வு என்கிற செயலில் எடுப்பது பாதி, விடுவது பாதி. விடுவதில்தான் வலி இருக்கிறது. விடாமல் எடுக்கலாம் என்று ஒரு பொருள் வாக்களிக்கும்போது அது தேர்வை எளிதாக்குவதில்லை, ஒத்திப்போடுகிறது. காலையில் கிளம்பும்போது நடக்க வேண்டிய தேர்வு இப்போது பேருந்தில், ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் ஒரு முறை நடக்கிறது. ஒரு பாட்டு தொடங்குகிறது. இதைவிட அது நன்றாக இருக்குமே என்று விரல் போகிறது. அடோர்னோ 1938இல் எழுதிய கட்டுரையில், வெகுஜன இசை கேட்கிறவன் கேட்பதில்லை, ஏற்கெனவே தெரிந்ததை அடையாளம் கண்டு திருப்திப்படுகிறான் என்ற பொருளில் வாதிட்டார். அடையாளம் காணும் அளவுக்குக்கூட அவகாசம் இல்லாதவனை அவர் பார்க்கவில்லை.

இதற்கு எதிர்க்கோடியில் இருப்பது கார்வான். 5,000 பாட்டுகளை நிறுவனமே தேர்ந்து உள்ளே வைத்துக் கொடுத்துவிடுகிறது. திருகினால் பாடும். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்குகிற இரண்டு பேர் வீட்டில் இருக்கிறது. அவர்கள் என்னைவிட அதிகமாகவும் நிம்மதியாகவும் பாட்டுக் கேட்கிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. வானொலிக்காரன் போட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் அங்கேயும் ஒருவர் விட்டிருக்கிறார். அவர் யார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று கேட்க இடமில்லை. டெராபைட்டில் விடுவது இல்லை. கார்வானில் விடுவது இருக்கிறது, ஆனால் விட்டவர் இல்லை.

3

இரண்டாவது கட்டம், ஒலியின் தரம். என்னை உண்மையில் கலக்கியது இதுதான். இதற்கு என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். நாகஸ்வரப் பைத்தியம். எங்கள் ஊர்க் கோவில் உற்சவத்தின்போது டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியிலிருந்து விடியற்காலை வரைக்கும் உட்கார்ந்து பதிவு செய்வார். வாசித்தவர்கள் இசைத்தட்டு கொடுத்தவர்களோ வானொலியில் வந்தவர்களோ அல்லர். சுற்று வட்டாரத்துக்காரர்கள். அவர்களில் பலர் வாசித்ததற்கு அப்பாவின் காசெட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மணி சத்தம், பலூன் விற்பவன், யாரோ ஒரு குழந்தை, இடையிடையே அப்பாவே தன்னை மறந்து 'ஆஹா' என்பது, எல்லாம் அதில் இருக்கும். மொத்தம் பன்னிரண்டு காசெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

2006இல், நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தபோது, காசெட்டுகளில் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. எம்.பி.3 ஆக மாற்றித் தருகிற ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கேட்டார்: "ஒரே சிடில அடக்கணுமா, இல்ல குவாலிட்டியா வேணுமா? குவாலிட்டினா மூணு சிடி ஆவும்." ஒன்றே போதும் என்றேன். 128 கிலோபிட்டில் பன்னிரண்டு மணி நேரம் ஒரு சிடியில் கச்சிதமாக அடங்கிற்று. இரண்டு வருஷம் கழித்து வீடு மாற்றியபோது காசெட்டுகள் காயலான் கடைக்குப் போயின. அட்டைப் பெட்டியை நான் தூக்கி வெளியே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எல்லாம் அதுல இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்குப்பா" என்றேன்.

அவர் 2019இல் காலமானார். எம்.பி.3 என்பது என்ன என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது அதற்கும் பிறகு, இந்தக் கருவி வாங்குகிற யோசனை வந்த பின்னால்தான்.

அதன் தத்துவம் சுவாரஸ்யமானது. மனிதக் காது தன்னை அடைகிற எல்லாவற்றையும் கேட்பதில்லை. ஓர் உரத்த ஒலி ஒலிக்கும்போது, அதன் அருகிலுள்ள சுருதியில் எழும் மெல்லிய ஒலி அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. உரத்த ஒலிக்குச் சற்று முன்னும் பின்னும்கூட இந்த மறைப்பு நீள்கிறது. கேட்கப்படாததை எதற்குச் சேமித்து வைக்க வேண்டும்? ஜெர்மனியில் எர்லாங்கன் நகரின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானவர்கள் 1980களில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எம்.பி.3 என்ற பெயர் 1995இல் வந்தது. குறுந்தகட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட்டாக இருப்பது 128ஆகச் சுருங்குகிறது. பதினொன்றில் பத்துப் பங்கு போய்விடுகிறது. காதுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. அபாரமான சாதனை என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் சோதித்துப் பார்த்த பாட்டுகளில் ஒன்று, அமெரிக்கப் பாடகி சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் பாடியது. முதலில் அந்தக் குரல் கெட்டுப்போய்த்தான் வந்தது. அது சரியாகும் வரை முறையைத் திருத்தினார்கள். ஒரு பெண்ணின் குரல் உலகத்தின் காதுக்கு ஒரு அளவுகோலாயிற்று.

எங்கள் ஊர்த் தவில் அந்தச் சோதனையில் இல்லை. இந்த முறைக்குத் தெரிந்த ஒரு பலவீனம் உண்டு. நிசப்தத்தில் திடீரென்று விழும் கூர்மையான அடியை அது சரியாகப் பிடிப்பதில்லை. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக்கொண்டு கணக்கிடுவதால், துண்டின் நடுவில் விழும் அடியின் பிழை துண்டு முழுவதிலும் பரவி, அடிக்கு முன்பாகவே ஒரு சரசரப்பாகக் கேட்கிறது. முன்னெதிரொலி என்று சொல்லலாம். சிக்கனமான பதிவில் இது அதிகம். சென்னையில் ஒரு நண்பரின் விலையுயர்ந்த கருவியில் என் சிடியின் கோப்பு ஒன்றை வைத்து, நல்ல காதுக்குழாயில் கேட்டேன். தவிலின் ஒவ்வொரு தனி அடிக்கும் முன்னால் மணலைத் தேய்த்தாற்போல் ஒன்று. வீட்டுக் கருவிகளிலும் கைபேசியிலும் அது எனக்குக் கேட்டதேயில்லை. உயர்ந்த கருவி எனக்கு அப்பாவின் உற்சவத்தைத் திருப்பித் தரவில்லை. நான் இழந்தது எவ்வளவு என்பதைத் துல்லியமாகக் காட்டியது.

என் டைரியின் மதிப்பெண்கள் ஏன் நிலைக்கவில்லை என்று அப்போது புரிந்தது. ஒலித்தரத்துக்கு நான் போட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் இரண்டு சிடியின் விலை ஒளிந்திருந்தது. சிறந்த கருவியை வாங்கிவிட்டால், 2006இல் சொன்ன 'ஒன்றே போதும்' என்பதையும் 2008இல் சொன்ன 'இருக்குப்பா' என்பதையும் எப்படியோ சரிக்கட்டிவிடலாம் என்று எனக்குள் ஒருவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு நுட்பமான காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புதிய பதிவு ஒன்றை, எதையும் இழக்காத ஃப்ளாக் வடிவிலும் 320 கிலோபிட் எம்.பி.3 வடிவிலும் வைத்துக்கொண்டு, என் மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று இருபது முறை சொன்னேன். பதினொன்று சரி. காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய இதேதான் வந்திருக்கும். அப்படியானால் எனக்குக் கேட்காததைப் போற்றி வைப்பதில் என்ன அர்த்தம்? இது கேலிக்கான கேள்வியல்ல. ஒரு தார்மிகப் பிரச்னையாகவே இதைப் பார்க்கிறேன். அனுபவத்தில் வித்தியாசமே இல்லாத இழப்பு இழப்பாகுமா?

ஆகாது என்று சொல்வதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் நான் ஆகும் என்றே சொல்கிறேன். காரணம் இது. கேட்கவில்லை என்று நான் சொல்வது இன்றைய என் காதைப் பற்றி, இன்றைய என் கருவியைப் பற்றி. விட்டது திரும்ப வராது என்பதோ எல்லாக் காதுகளுக்கும் எல்லா நாளைக்கும் பொருந்துகிற விஷயம். 2006இன் மட்டமான ஸ்பீக்கரில் எனக்கும் அப்பாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தெரியாமையை வைத்துக்கொண்டு, பின்னால் கேட்கப்போகிறவர்களின் சார்பாகவும் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வாசித்தவர்களின் சார்பாகவும்தான். எர்லாங்கன்காரர்கள் மீது எனக்குக் குறையில்லை. எதை விடுகிறோம், எந்த ஆதாரத்தில் விடுகிறோம் என்பதைப் பகிரங்கமாக எழுதி வைத்துவிட்டு விட்டார்கள். அவர்கள் முறை இல்லாவிட்டால் பூசணத்துக்கு எல்லாமே போயிருக்கும். விடுகிறேன் என்றே தெரியாமல் விட்டவன் நான். எல்லாம் இருக்கிறது என்று வேறு சொன்னவன்.

விமர்சனத்துக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. உரத்த ஒலிக்குப் பக்கத்தில் மெல்லிய ஒலி கேட்காது என்பது காதின் சுபாவமாக இருக்கலாம். கேட்காததால் அது இல்லை என்று முடிவுகட்டுவது சுபாவமல்ல, சௌகரியம். முந்நூறு பிரதி அச்சிடும் பத்திரிகையில் எழுதுகிற நாம் நம்மை அந்த மெல்லிய ஒலியாகப் பாவித்துக்கொள்வதில் தவறிவிடுவதேயில்லை. நமக்குப் பக்கத்தில், நம் உரத்த குரலின் நிழலில் எது மறைந்துபோகிறது என்று கேட்டுக்கொள்கிற வழக்கம் நமக்குக் குறைவு.

4

இனி கைபேசிக்கு வருகிறேன். மாதச் சந்தா கட்டினால், அல்லது விளம்பரங்களைச் சகித்துக்கொண்டால், கோடிக்கணக்கான பாட்டுகள் கைபேசியில் வருகின்றன. தனிக் கருவி எதற்கு?

வங்கியில் இரண்டு விதமான வைப்பு உண்டு. ஒருவர் என்னிடம் பத்தாயிரம் ரூபாய் கட்டினால் அவர் கொடுத்த நோட்டுகள் அவருடையவையாக இருப்பதில்லை. அடுத்த வாடிக்கையாளருக்கு நான் அதை எண்ணிக் கொடுத்துவிடுகிறேன். அவரிடம் மிஞ்சுவது வங்கியின் மீது ஒரு உரிமை. லாக்கர் அப்படியல்ல. எங்கள் சாவி ஒன்று, அவர் சாவி ஒன்று. இரண்டையும் போட்டுத் திறந்துவிட்டு நாங்கள் விலகி வந்துவிட வேண்டும். உள்ளே வைரமோ பழைய கடிதமோ, எங்களுக்குத் தெரியாது. சந்தா இசை முதல் வகை. ஒப்பந்தம் உள்ளவரை உரிமை உண்டு, பொருள் கிடையாது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்ற புத்தகம் ஒன்றில் உரிமைச் சிக்கல் வந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளுக்குள்ளிருந்தே அதை அழித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழிக்கப்பட்டவற்றில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'ம் இருந்தது. பாட்டுக்கு நடந்தால் இவ்வளவு பொருத்தமாக அமையாது. ஆனால் பாட்டுகளும் ஒப்பந்தம் தீர்ந்தால் சொல்லாமல் போகத்தான் செய்கின்றன.

ஆகவே எனக்கு லாக்கர் வேண்டும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தேன். நான் எதை எத்தனை முறை கேட்டேன், எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று எண்ணாத ஒரு பெட்டி. இந்த வாதம் பொய்யல்ல, ஆனால் அரைகுறை. லாக்கர் அறையைத் திறந்து திறந்து எனக்கு ஒன்று தெரியும். பல லாக்கர்களுக்கு வருஷக்கணக்கில் யாரும் வருவதில்லை. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளின்படி, வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தாலும், ஏழு ஆண்டுகள் திறக்கப்படாமல், உரியவரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வங்கி அதைத் திறந்து உள்ளிருப்பதை வாரிசுகளிடம் சேர்ப்பிக்கவோ வேறு வகையில் தீர்க்கவோ நடவடிக்கை எடுக்கலாம். வைத்திருப்பது மட்டும் உறவாகாது என்பதைச் சட்டம்கூட ஒப்புக்கொள்கிறது. அப்பாவின் சிடியை 2019க்குப் பிறகு நான் எத்தனை முறை போட்டேன்? அதை எண்ணி வைக்க எந்த நிறுவனமும் தேவைப்படாது. ஒரு முறை.

5

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். கவிதை எழுதுகிறவர், கடுமையாகப் பேசுகிறவர். நான் 32 ஜிகாபைட் கார்டுக்கு மேல் வாங்கப்போவதில்லை, அளவு குறைந்தால்தான் தேர்வு இருக்கும் என்றபோது சிரித்தார். "பெரிய கார்டுக்கும் சின்ன கார்டுக்கும் எவ்வளவுய்யா வித்தியாசம்? பட்டினி கிடக்க வேண்டிய அவசியமில்லாதவன் விரதம் இருக்கிற மாதிரி இருக்கு. அடுத்தாப்ல இதப்பத்திக் கட்டுரை எழுதுவீர்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வாக்மேன்காரனின் ஒற்றைக் காசெட் நிர்ப்பந்தம். என் சின்ன கார்டு ஒரு பாவனை. இழந்துபோன நிர்ப்பந்தத்தை விதியாகப் போட்டுக்கொள்வதால் அது திரும்பிவிடாது. அத்துடன், எளிமையைப் பூணுகிறவனுக்குத் தன் எளிமையைக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே பொழுது போய்விடும், பாட்டுக் கேட்க முடியாது.

அதனால் விதியை விட்டுவிட்டேன். சீனக் கருவியை வாங்கினேன். சோனியைவிட விலை குறைவு, கூட்டல் கணக்கில் அந்த வாரம் அது ஜெயித்திருக்கவும் இல்லை. கார்டு 128 ஜிகாபைட். டைரியின் நான்கு பத்திகளை அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் வேறொரு கணக்கு ஆரம்பித்திருக்கிறேன். கருவியிலிருந்து எதையாவது நீக்கினாலோ, எதையாவது குறைந்த தரத்தில் மாற்றினாலோ, தேதி போட்டு ஒரு வரி எழுத வேண்டும்: எது, ஏன். இதுவரை பதினாறு வரிகள். முதல் வரியில் 2006 என்று போட்டு, இரண்டு சிடியின் விலையை எழுதியிருக்கிறேன். பற்று வைக்காமல் கணக்குத் தொடங்க முடியாதல்லவா.

முதல் வாக்மேனைப் பற்றி ஒரு தகவல். அதில் காதுக்குழாய்களுக்கு இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அமுக்கினால் பாட்டின் ஒலி தாழ்ந்து, எதிரிலிருப்பவர் பேசுவது கேட்கும். ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று சோனியின் அகியோ மோரிட்டா பயந்தார். ஜனங்களுக்கு அந்தப் பயம் இல்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த கருவிகளில் அவை மறைந்துபோயின. என் கருவியில் ஒரு துளைதான். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் கிடைக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு காதுக்குழாயையும் நான் ஒன்றையும் போட்டுக்கொண்டு சிடியின் மூன்றாவது கோப்பைக் கேட்டோம். மல்லாரி. தவிலின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்த மணல் தேய்கிற சத்தம் இருந்தது. அம்மாவுக்கு அது கேட்டதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் உரத்து, காதுக்குழாய் போட்டவர்கள் பேசுகிற மாதிரி, சொன்னாள்: "இன்னிக்குத் தவில்காரருக்கு நல்ல ஜுரம். ஒங்கப்பாதான் சுக்குக் காப்பி வாங்கிக் குடுத்தார். அதான் கை கொஞ்சம் தாமசமா விழறது."

அது காசெட்டிலும் இருந்திருக்காது. டைரியில் பதினேழாவது வரியாக எழுதிக்கொண்டேன்.